நாய்க்குட்டிக்கு டோக்கன் போட்டாயிற்று, குட்டி வரவில்லை. பணம் திரும்புமா?

6 மே 2025 (கேள்வி, பாலக்கோட்டு வாசகர்)

அண்ணா, இன்ஸ்டாவில் ஒரு பக்கத்தில் லாப்ரடார் குட்டி பார்த்தேன். பெங்களூர் என்று போட்டிருந்தது. விலை 14,000. டோக்கன் 5,000 ஜிபேயில் போட்டுவிட்டேன். பத்து நாளில் வீட்டுக்கே வந்துவிடும் என்றார்கள். ஒரு மாதம் தாண்டிவிட்டது. முதலில் தடுப்பூசி போட்டிருக்கிறோம் என்றார்கள், அப்புறம் வெயில் என்றார்கள். இப்போது ஏசி கூண்டுக்கு 3,500 கட்டுங்கள், குட்டி கைக்கு வந்ததும் திருப்பித் தருவோம் என்கிறார்கள். ரீஃபண்ட் கேட்டால் ‘டோக்கன் திரும்பாது’ என்று ஒரே வரி. என்னைக் கேட்டால் ஆன்லைனில் உயிர்ப்பிராணி விற்கிற எல்லாருமே திருடர்கள்தான். சரியா?

6 மே, இரவு

எல்லாரும் இல்லை. ஆனால் உங்களிடம் பேசுகிறவர் மேல் எனக்கு நம்பிக்கையும் இல்லை.

கூண்டுக் காசை அனுப்பிவிடாதீர்கள் தம்பி. மீதியை நிதானமாகப் பேசலாம். திருப்பித் தருவோம் என்று சொல்லி ஒரு கட்டணம் கேட்டால், அதற்குப் பின்னால் இன்சூரன்ஸ் வரும், அதற்கும் பின்னால் ஏர்போர்ட் க்ளியரன்ஸ் வரும். பெங்களூரிலிருந்து பாலக்கோட்டுக்கு எந்த ஏர்போர்ட் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

நாளைக்கே வீடியோ கால் கேளுங்கள். எடுத்து வைத்த வீடியோ வேண்டாம், நேரலையில் வேண்டும். ஒரு தாளில் உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதிக் குட்டியின் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். குட்டி வைத்திருப்பவர் ஐந்து நிமிடத்தில் காட்டிவிடுவார். இல்லாதவருக்கு சிக்னல் கிடைக்காது, கேமரா ரிப்பேர் ஆகும், தாத்தா ஆஸ்பத்திரியில் இருப்பார்.

7 மே

காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். தாமதம் என்றாலே மோசடி என்று எடுத்துக்கொண்டால் நல்ல ஆளையும் நாம் விரட்டிவிடுவோம்.

நம் பக்கம் எல்லாரும் ‘45 நாள் குட்டி’ என்றுதான் விற்பார்கள். அது வியாபார வழக்கம். 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. எட்டு வாரம் என்றால் 56 நாள். 45-இல் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டு 56-இல் கொண்டுவருகிறவரிடம் நாம் ‘லேட்’ என்று சண்டைக்குப் போகிறோம். அவர் கொண்டுவந்த நாள் சரி, சொன்ன நாள்தான் கோணல்.

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டில் இருக்கும் நாயே இப்படித் தாமதமாக வந்ததுதான். விற்றவர் ஓசூரைத் தாண்டி இருக்கிறார், பெயர் வேண்டாம். சொன்ன தேதி போய்விட்டது. நானும் கொதித்தேன், வீட்டில் என்னைவிட அதிகமாகக் கொதித்தார்கள். ஆனால் அந்த மனிதர் கேட்டபோதெல்லாம் வீடியோவில் குட்டியைக் காட்டினார். தாயையும் சேர்த்துக் காட்டினார். டாக்டர் இன்னும் பயணத்துக்குத் தகுதிச் சான்று எழுதித் தரவில்லை, வெயிலும் அதிகம், விருப்பமில்லையென்றால் டோக்கனை இன்றைக்கே திருப்பிவிடுகிறேன் என்று மெசேஜும் போட்டார். அந்தக் கடைசி வரிக்காகவே காத்திருந்தேன். கடைசியில் நாங்களே ஓசூர் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தோம்.

அதே சமயம் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்குச் சொன்ன தேதியில், சொன்ன நேரத்தில், ரிப்பன் கட்டிய கூடையில் குட்டி வந்து இறங்கியது. ஐந்து வாரம்கூட இருக்காது. தடுப்பூசி அட்டையில் சீல் இருந்தது, மருந்துக் குப்பியிலிருந்து எடுத்து ஒட்டும் ஸ்டிக்கர் இல்லை, டாக்டரின் பதிவு எண் இல்லை. நாலாம் நாள் வாந்தி, ரத்தப்பேதி. பார்வோ என்கிற வைரஸ் நோய். பிழைக்கவில்லை.

ஆகவே எத்தனை நாள் தள்ளிப்போகிறது என்பதைவிட, தள்ளிப்போகிற நாட்களில் அவர் எதைக் காட்டுகிறார் என்று பாருங்கள். குட்டியைக் காட்டுகிறாரா, அட்டையைக் காட்டுகிறாரா, புதுத் தேதியை எழுத்தில் தருகிறாரா? இல்லை, மேலும் காசு மட்டும் கேட்கிறாரா? பாலக்கோட்டுத் தம்பி சொன்னதில் முதல் மூன்றும் இல்லை, நாலாவது இருக்கிறது.

8 மே

தம்பி தனிச்செய்தியில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறார். அதில் விற்பவர் எழுதியது: ‘உங்கள் குட்டி கிருஷ்ணகிரி ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டது, கூண்டுக் கட்டணம் செலுத்தினால் டெலிவரி.’

கிருஷ்ணகிரிக்காரர்கள் எல்லாரும் வரிசையில் வந்து சிரித்துவிட்டுப் போகலாம். தேர்தலுக்குத் தேர்தல் நாம் கேட்டுக்கொண்டிருக்கிற ரயிலை இந்தப் புண்ணியவான் ஒரு லாப்ரடாருக்காக விட்டுவிட்டார். வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன்: கிருஷ்ணகிரி நகரத்தில் ரயில் நிலையம் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து ஒரு சின்னப் பாதை இருந்தது, அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது ஸ்டேஷன் தர்மபுரியில் இருக்கிறது, ஓசூரில் இருக்கிறது.

சரி, இனி சந்தேகத்துக்கு இடமில்லை. இது தாமதமான ஆர்டர் அல்ல, ஆர்டரே அல்ல. தம்பி, உடனே 1930-க்கு அடியுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய எண் அது. விற்பவர் கர்நாடகத்தில் இருந்தாலும் பீகாரில் இருந்தாலும் இங்கிருந்தே பதியலாம். யுபிஐ பரிவர்த்தனை எண், போன தேதி, நேரம், தொகை, அவருடைய யுபிஐ ஐடி எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் மிச்சம் இருந்தால் அதை எடுக்க முடியாதபடி முடக்குவார்கள். ஒரு மாதம் கழித்து எவ்வளவு இருக்கும் என்பது வேறு விஷயம். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் இதில் முழுப் பலன்.

சாட்டை அழிக்காதீர்கள். கோபத்தில் பிளாக்கும் பண்ணாதீர்கள். பிளாக் பண்ணினால் அந்தப் பக்கம் பெயர் மாறுவது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

9 மே

அரூர்க்காரர் ஒருவர் கீழே எழுதியிருக்கிறார்: ‘மூன்று நாளுக்குள் பேங்கில் புகார் சொன்னால் முழுப்பணமும் பேங்க் தந்தாக வேண்டும், ஆர்பிஐ ரூல்.’

பாதி உண்மை. 2017 ஜூலையில் வந்த அந்தச் சுற்றறிக்கை, நமக்குத் தெரியாமல் நம் கணக்கிலிருந்து போன பணத்தைப் பற்றியது. தம்பி தானே யுபிஐ பின் நம்பர் போட்டு, தானே அனுப்பியிருக்கிறார். அது அந்த விதிக்குள் வராது. இன்னொரு குழப்பமும் உண்டு. நம் கணக்கில் கழிந்து அவர் கணக்குக்குப் போய்ச் சேராமல் நடுவில் நின்ற யுபிஐ பணம் மறு நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் பேங்க் தர வேண்டும். கடைக்குச் செலுத்திய பணம் என்றால் ஐந்து நாள். இதெல்லாம் தோல்வியடைந்த பரிவர்த்தனைக்கு. வெற்றிகரமாகப் போய்ச் சேர்ந்த பணத்துக்கு, துரதிர்ஷ்டவசமாக, பொருந்தாது.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் ‘பொருள் வரவில்லை’ என்று கார்டு பேங்கில் டிஸ்ப்யூட் போட வழி உண்டு. அதனால்தான் கார்டு வாங்காத விற்பனையாளர்கள் இந்தத் தொழிலில் இவ்வளவு பேர் என்று எனக்கு ஒரு சந்தேகம். மெஷின் வைக்க வசதியில்லாத நேர்மையானவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை.

9 மே, மாலை

இன்று வெள்ளிக்கிழமை, குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போய்வந்தேன். ஆடு பார்க்க. துண்டுக்குள் கை போட்டு விலை பேசுகிறார்கள், அச்சாரம் கை மாறுகிறது, கயிறும் கை மாறுகிறது. ஆன்லைனில் பணம் மட்டும் மாறி, கயிறு இன்னொருவன் கையிலேயே இருக்கிறது. வெயில் மண்டையைப் பிளந்தது, வேறொன்றும் இல்லை.

11 மே

மோசடிக்காரனை விடுங்கள். ஆள் உண்மை, குட்டியும் உண்மை, ஆனால் தேதி தள்ளித் தள்ளிப் போகிறது, பணம் கேட்டால் ‘டோக்கன் திரும்பாது’ என்கிறார். இந்த ரகத்துக்கு என்ன செய்வது என்று நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் இதில்தான் ஆர்வம்.

2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மின்வணிக விதிகள் என்று ஒன்று இருக்கிறது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ். அதன்படி, தான் அறிவித்த டெலிவரி தேதியைத் தாண்டிக் கொடுத்தால், திரும்ப வாங்க மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று விற்பவர் மறுக்க முடியாது. பொருள் குறையுள்ளதாக இருந்தாலும், விளம்பரத்தில் சொன்ன குணங்கள் இல்லாமல் இருந்தாலும் அப்படித்தான். இயற்கைப் பேரிடர் மாதிரி தன் கையில் இல்லாத காரணத்தால் தாமதமானால் அந்தத் தாமதத்துக்கு மட்டும் விலக்கு. கத்திரி வெயில் அந்த விலக்கில் வருமா என்று ஒருவர் கேட்டார். வருடா வருடம் காலண்டரில் அச்சடித்தே வருகிற ஒன்றை எதிர்பாராத பேரிடர் என்று யாராவது வாதாடினால் நான் டிக்கெட் எடுத்துப் போய்க் கேட்பேன்.

பிராணி ‘பொருள்’ ஆகுமா? சட்டத்தின் பார்வையில் அசையும் சொத்து எல்லாம் பொருள்தான். நமக்குக் கசப்பாக இருந்தாலும் இந்த இடத்தில் அது நமக்குச் சாதகம்.

இதில் ‘அறிவித்த தேதி’ என்பதைக் கவனியுங்கள். தேதியே சொல்லாமல் ‘சீக்கிரம் வரும் பிரதர்’ என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தால் பிடித்துத் தொங்க ஒன்றும் இல்லை. அதனால் டோக்கன் போடும் முன்பே எழுத்தில் ஒரு தேதி வாங்குங்கள். அந்தத் தேதி தாண்டினால் டோக்கன் முழுவதும் திரும்பும் என்பதையும் அவர் வாயால், மன்னிக்க, அவர் விரலால் எழுதச் செய்யுங்கள். நாம் மனம் மாறி வேண்டாமென்றால் டோக்கன் போகலாம், அது நியாயம்.

தன் வீட்டு நாய் போட்ட குட்டிகளை ஒருமுறை விளம்பரம் செய்து கொடுக்கிறவருக்கு இந்த மின்வணிக விதிகள் பொருந்தாது. தொழிலாக, தொடர்ந்து விற்பவருக்குத்தான். தொழிலாகச் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் கேளுங்கள். கேட்டவுடன் சிலருக்குக் குரலே மாறும்.

12 மே

ஊத்தங்கரை நண்பர் மீன் ஆர்டர் பற்றிக் கேட்டிருக்கிறார். சென்னை கொளத்தூரிலிருந்து கப்பி, ஃபைட்டர். இதில் தாமதம் என்றால் நாள் கணக்கில்லை, மணிக்கணக்கு. ஆக்ஸிஜன் அடைத்த கவர் ஒன்றிரண்டு நாள் தாங்கும். வார இறுதியில் அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை கூரியர் குடோனில் உட்கார்ந்துவிடும். திங்கள், செவ்வாயில் அனுப்பச் சொல்லுங்கள்.

ஆம்னி பஸ் பார்சல் என்றால் கிருஷ்ணகிரி டோல்கேட்டில் விடியற்காலை மூன்று மணிக்கு நிற்கத் தயாராக இருங்கள். டிரைவர் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார், மீன் பெங்களூர் போய்விடும். என் தங்கை மகனுக்கு இது நடந்திருக்கிறது. அவன் தூங்கிவிட்டான், மீன் எலக்ட்ரானிக் சிட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாலையில் வந்தது. அதிசயமாகப் பாதி உயிரோடு.

செத்து வந்தால் பணம் தருகிறோம் என்று விற்பவர்கள் பலர் போடுகிறார்கள். அதற்கு அவர்கள் கேட்பது, பெட்டியைப் பிரிப்பதிலிருந்து நிறுத்தாமல் எடுத்த வீடியோ. கவரை வெட்டுவதற்கு முன்பே செத்த மீன் தெரிய வேண்டும். வெட்டிவிட்டால் ‘உங்கள் தொட்டித் தண்ணீரில் செத்தது’ என்பார்கள், அப்புறம் யாராலும் நிரூபிக்க முடியாது. பெரும்பாலும் மீன் விலை மட்டும்தான் திரும்பும், பார்சல் கூலி திரும்பாது. அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்கிறோம் என்பவர்களும் உண்டு. பணமா, கழிவா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

20 மே

பாலக்கோட்டுத் தம்பியிடமிருந்து செய்தி. 1930-இல் பதிந்தார், ஒப்புகை எண் வந்தது. அந்தக் கணக்கில் 1,800 ரூபாய் முடக்கப்பட்டிருக்கிறது. அதை விடுவிக்க நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம் என்று மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் சொல்லியிருக்கிறார்கள். அலைய வேண்டியிருக்கும்.

அதைவிட முக்கியம், நேற்று அவருக்கு இன்னொரு போன். ‘ரீஃபண்ட் டிபார்ட்மென்ட்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் 5,000 ரெடி, இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்கள்.’ இந்தத் தடவை தம்பி சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் போகும், வராது. செல்போன் திரையை அவர்களுக்குக் காட்டும் ஆப் ஒன்றை இறக்கச் சொன்னாலும் இதே கதைதான். பணம் தொலைத்தவர்கள் பொதுவெளியில் புலம்பும் இடங்களில்தான் இவர்கள் வலை போடுகிறார்கள். இங்கேயும் இருப்பார்கள், வணக்கம்.

3 ஜூன்

இன்று வந்த கேள்விகளில் இரண்டு.

ஒன்று: ‘பச்சைக்கிளிக் குஞ்சு ஆர்டர் போட்டேன், வரவில்லை, எங்கே புகார் செய்வது?’ எங்கேயும் செய்யாதீர்கள் ஐயா. நம் ஊர்ப் பச்சைக்கிளியை விற்பதும் வாங்குவதும் வளர்ப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமையும் அப்படியே. கிளி வரவில்லை என்று ஸ்டேஷனுக்குப் போனால், வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர்களே விளக்குவார்கள். லவ் பேர்ட்ஸ், பட்ஜி, காக்கட்டீல் என்றால் பேசலாம்.

இரண்டு: பென்னாகரம் பக்கத்திலிருந்து. ஆன்லைனில் ஹோமர் புறா ஒரு ஜோடி வாங்கியிருக்கிறார். சேலத்திலிருந்து சரியான நேரத்தில் வந்தது. கூண்டைத் திறந்து விட்டார். புறா திரும்ப சேலத்துக்கே போய்விட்டது. விற்றவர் போன் பண்ணி ‘வந்துவிட்டது’ என்று சொல்லியிருக்கிறார். ரீஃபண்ட் உண்டா?

நானும் விதியைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். ‘விளம்பரத்தில் சொன்ன குணம் இல்லையென்றால்’ பணம் திரும்பும். எங்கே விட்டாலும் பழைய கூட்டுக்குத் திரும்புவதுதான் ஹோமரின் குணம், இங்கே அது அச்சு மாறாமல் இருக்கிறது. விற்றவர் நல்ல மனிதர் போல, பார்சல் கூலி மட்டும் கொடுங்கள், மறுபடி அனுப்புகிறேன் என்றாராம். இந்தத் தடவை திறந்து விடாதீர்கள். வளர்ந்த ஹோமரை ஜோடி போட்டு முட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பறக்க விடுவதற்கு அதன் குஞ்சுகள் போதும்.

14 ஜூன்

பக்கத்துத் தெருக் குட்டி பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, வந்த பிறகு நோய் கண்டால் பணம் கேட்க முடியுமா என்று கேட்கிறார்கள்.

முடியும், ஆனால் காகிதம் வேண்டும். வந்த அன்றோ மறுநாளோ டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள். பார்வோ பொதுவாகத் தொற்றி மூன்றிலிருந்து ஏழு நாளில் வெளியே தெரியும், சில சமயம் இரண்டு வாரமும் ஆகும். வந்த இரண்டாம் நாளே படுத்துவிட்டால் உங்கள் வீட்டில் ஒட்டியதாகச் சொல்வது கடினம். எட்டாம் நாள் என்றால் அவர் உங்கள் மேல் தள்ளுவார், அதையும் முழுக்கத் தப்பென்று சொல்ல முடியாது. மலத்தில் செய்யும் கிட் டெஸ்ட் முடிவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இறந்துவிட்டால், மனசு வராதுதான், இருந்தாலும் அரசு கால்நடை மருத்துவமனையில் உடற்கூறு ஆய்வு கேட்டுப் பாருங்கள்.

பில்லில் ‘விற்றது திரும்பப் பெறப்படாது’ என்று அச்சிட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். குறையுள்ளதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள், பணம் தர மறுப்பதை 2019 சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது.

முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். பெரிய நிறுவனங்களிடம் இது நன்றாக வேலை செய்கிறது. ஒற்றை ஆள் நடத்தும் பக்கத்திடம் அவ்வளவு செல்லாது. விற்பனைத் தளம் மூலமாக வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு என்று விதி. அதிலும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 2019 சட்டத்தில் வந்த இந்த ஒரு மாற்றம் நம்மைப் போன்ற எல்லை மாவட்டத்துக்காரர்களுக்குப் பெரிய உபகாரம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

5,000 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சல் தேவையா? எனக்கே பல சமயம் தேவையில்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் போடப் போகிறேன் என்று ஒழுங்காக எழுதி அனுப்பினாலே பாதிப்பேர் பணத்தைத் திருப்பிவிடுகிறார்கள். எப்படி எழுதுவது என்று கேட்டவர்களுக்கு, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

‘இந்தத் தேதியில், இந்தப் பரிவர்த்தனை எண்ணில், இவ்வளவு ரூபாய் முன்பணம் செலுத்தினேன். இந்தத் தேதிக்குள் குட்டியை ஒப்படைப்பதாக எழுதியிருந்தீர்கள். ஒப்படைக்கவில்லை. ஆர்டரை ரத்து செய்கிறேன். ஏழு நாளுக்குள் முழுத்தொகையையும் நான் செலுத்திய அதே கணக்குக்குத் திருப்பி அனுப்பவும். தவறினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் பதிவு செய்வேன்.’

திட்ட வேண்டாம். ‘நாயே’ என்று எழுத வேண்டாம், இந்த விஷயத்தில் குழப்பம் வரும்.

15 ஜூன்

அந்தக் கடிதத்தை எந்த மொழியில் அனுப்புவது என்று கேட்ட பர்கூர் அண்ணனுக்கு: தமிழிலேயே அனுப்பலாம். பெங்களூர்க்காரருக்குப் புரியாது என்று தோன்றினால் கூடவே ஆங்கிலத்தில் ஒன்று. வாட்ஸ்அப்பில் போட்டு, அதையே ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். முகவரி தெரியாதென்றால் கேட்டு வாங்குங்கள். முகவரி தர மறுத்தால் ஆணையத்தை விட்டுவிட்டு 1930-க்குப் போங்கள்.